நிகண்டு முதல் நுழைவுத்தேர்வு வரை - தென்காசிச் சீமையின் சொல் கணக்கு

1871-ம் வருடம். மாயூரம், அதாவது இன்றைய மயிலாடுதுறை. பதினாறு வயதுப் பையன் ஒருவன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரிய புலவரைப் பார்க்க வருகிறான். அந்தப் புலவர் மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. பையனின் பெயர் சாமிநாதன். பிற்காலத்தில் தமிழ்த்தாத்தா என்று ஊரே கொண்டாடிய உ.வே.சாமிநாதையர்தான் அவர்.

சேர்க்கை விண்ணப்பம் கிடையாது, ஹால் டிக்கெட் கிடையாது. ஆனால் தேர்வு இருந்தது! நைடதத்திலிருந்து ஒரு பாட்டைச் சொல்லச் சொன்னார் பிள்ளை. பையன் சொன்னான். பொருள் கேட்டார். அதையும் சொன்னான். அப்புறம் வந்ததுதான் முக்கியமான கேள்வி. நிகண்டு மனப்பாடம் உண்டா? உண்டு என்றான் பையன், சூடாமணி நிகண்டைச் சொல்லியும் காட்டினான். பிள்ளைக்குச் சந்தோஷம். நிகண்டை நெட்டுருப் போடுகிற வழக்கமே இந்தக் காலத்தில் போய்விட்டது, சொன்னாலும் யாரும் கேட்பதில்லை என்று வருத்தப்பட்டுக்கொண்டார். 'என் சரித்திரம்' நூலில் உ.வே.சா. இதையெல்லாம் விரிவாக எழுதியிருக்கிறார்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். "இந்தக் காலத்துப் பிள்ளைகள் எதையும் மனப்பாடம் செய்வதில்லை" என்ற புலம்பல் 1871-லேயே இருந்திருக்கிறது. கல்விச்சாலைக்குள் நுழைய வருகிறவனிடம் "உனக்கு எத்தனை சொல் தெரியும்?" என்று கேட்பதும் அப்போதே இருந்திருக்கிறது. இன்றைய நுழைவுத்தேர்வின் வொக்காபுலரி கேள்விக்கு இது பெரியப்பா முறை.

இதில் தென்காசிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நிறையவே இருக்கிறது.

தேர்வுக்கு வந்த தென்காசிப் புத்தகம்

மாயூரத்தில் அந்தப் பையன் பாடிய நைடதத்தை எழுதியவர் அதிவீரராம பாண்டியர். 16-ம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் தென்காசியிலிருந்து ஆண்ட பாண்டிய மன்னர். மதுரை கைவிட்டுப் போன பிறகு பாண்டியர்கள் தெற்கே ஒதுங்கி வந்து ஆண்ட ஊர் தென்காசி. பராக்கிரம பாண்டியர் 1446-ல் காசி விசுவநாதர் கோயிலைக் கட்டத் தொடங்கியதும் இங்கேதான். அரசு சுருங்கிவிட்டது, ஆனால் தமிழ் சுருங்கவில்லை. நளன் கதையை ஸ்ரீஹர்ஷர் வடமொழியில் எழுதியிருந்தார். அதைத் தழுவி அதிவீரராமர் நைடதத்தைப் பாடினார். காசிகாண்டம், கூர்ம புராணம் ஆகியவையும் அவருடையவைதான்.

"நைடதம் புலவர்க்கு ஔடதம்" என்று ஒரு பழமொழியே உண்டு. ஔடதம் என்றால் மருந்து. ஏன் மருந்து? நைடதத்தில் ஒரு பாட்டைப் பிரிக்க வேண்டுமென்றால் அரிய சொல், சிலேடை, உவமை எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். அதைப் படித்து முடித்தவனுக்குச் சொல் பஞ்சம் வராது.

இதே மன்னர் சின்னப் பிள்ளைகளுக்கும் ஒரு புத்தகம் எழுதினார். வெற்றிவேற்கை. நறுந்தொகை என்றும் சொல்வார்கள். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழியோடு சேர்த்துப் படித்த புத்தகம் இது. ஆக, படிப்பின் முதல் படிகளில் ஒன்றும் தென்காசிக்காரர் எழுதியது, மேல் படிகளில் ஒன்றும் அவரே எழுதியது. நடுவில் ஏற வேண்டிய படிதான் நிகண்டு.

நிகண்டு என்றால் என்ன?

சுருக்கமாகச் சொன்னால் பாட்டு வடிவில் இருக்கும் அகராதி. அகர வரிசை கிடையாது, பொருள் வரிசைதான். திவாகரமும் பிங்கலமும் பழையவை. அதற்கப்புறம் கயாதரம், உரிச்சொல் நிகண்டு என்று பல வந்தன. பள்ளிக்கூடங்களில் நிலைத்து நின்றது மண்டல புருடர் எழுதிய சூடாமணி நிகண்டு. காரணம் எளிது. அது விருத்தப்பாவில் இருந்தது, ராகம் போட்டுப் பாடலாம், வாயில் நிற்கும்.

சூடாமணியில் 12 தொகுதிகள். தேவர், மக்கள், விலங்கு, மரம், இடம், பல்பொருள், செயற்கை வடிவம், பண்பு, செயல், ஒலி என்று முதல் பத்தும் பொருள் வாரியாகப் போகும். யானை என்று எடுத்துக்கொண்டால் களிறு, வேழம், கரி, வாரணம், கயம், தும்பி, உம்பல் என்று அதன் பெயர்கள் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். இன்றைய பாஷையில் சினானிம்ஸ்.

11-வது தொகுதி தலைகீழ். ஒரு சொல்லுக்குப் பல பொருள். "அரி" என்ற ஒரே சொல் திருமாலையும் குறிக்கும், சிங்கத்தையும் குறிக்கும், குரங்கையும் குறிக்கும், தவளையையும் குறிக்கும்! எந்த இடத்தில் எந்தப் பொருள் என்பதைப் பாட்டு நடக்கிற போக்கை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இந்தத் தொகுதி எதுகைப்படி அடுக்கப்பட்டது, அதாவது சொல்லின் இரண்டாம் எழுத்தை வைத்து. மனப்பாடம் செய்கிறவனுக்கு ஒரு சொல் அடுத்த சொல்லைத் தானே இழுத்து வரும்.

12-வது தொகுதி எண்ணிக்கைத் தொகுதி. இருசுடர், மூவேந்தர் என்பது போல எண்ணோடு சேர்ந்து வரும் தொகுப்புகளை விரித்துச் சொல்வது.

இன்றைய நுழைவுத்தேர்வுத் தாளோடு ஒப்பிட்டால் வேடிக்கையாக இருக்கும். ஒத்த பொருள் தரும் சொல் எது, இந்த வாக்கியத்தில் இந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்ற இரண்டு வகைக் கேள்விக்கும் நிகண்டு தயார். ஆனால் எதிர்ச்சொல்லுக்கு மட்டும் அந்தப் பன்னிரண்டில் தனித்தொகுதி இல்லை. செய்யுள் படிக்கவும் எழுதவும் ஒரே பொருளுள்ள பல சொல் தேவைப்பட்டது, எதிர்ச்சொல் பட்டியல் தேவைப்படவில்லை. நிகண்டை அடுக்கியது தேர்வுத்தாளின் வசதிக்காக அல்ல, படிக்கிறவனின் வசதிக்காக.

மனப்பாடம் எப்படி நடந்தது? காலையில் புதுப்பாடம், மாலையில் முறை வைத்தல். சட்டாம்பிள்ளை முன்னால் சொல்ல, மற்றவர்கள் கோரஸாகச் சொல்ல வேண்டும். நிகண்டு ஒரு பக்கம், எண்சுவடி ஒரு பக்கம். கணக்குக்கு வாய்ப்பாடு எப்படியோ, இலக்கியத்துக்கு நிகண்டு அப்படி. வாய்ப்பாடு தெரிந்தவன் கணக்குப் போடும்போது ஏழெட்டு எவ்வளவு என்று யோசித்து நிற்பதில்லை அல்லவா? நிகண்டு தெரிந்தவனும் பாட்டின் நடுவில் சொல்லுக்காக நிற்க மாட்டான். ஆறுமுக நாவலர் 1849-ல் சென்னையில் அச்சிட்டு வெளியிட்ட முதல் நூல்களில் சூடாமணி நிகண்டுரையும் ஒன்று. அந்தப் புத்தகத்துக்கு அவ்வளவு தேவை இருந்தது.

பொதிகையும் குற்றாலமும்

நிகண்டு எழுதுவதில் இந்தச் சீமையும் சளைக்கவில்லை. கல்லிடைக்குறிச்சி சாமிநாதக் கவிராயர் 'பொதிகை நிகண்டு' என்று ஒன்று எழுதினார். மலையின் பெயரையே அகராதிக்கு வைத்துவிட்டார்! பிற்காலத்தில் அதைப் பதிப்பித்த எஸ்.வையாபுரிப் பிள்ளையும் நெல்லைக்காரர்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதிக்கு 1926 முதல் பதிப்பாசிரியராக இருந்து 1936-ல் ஆறு தொகுதிகளையும் முடித்துக் கொடுத்தவர் அவர். அந்த ஆறு தொகுதிகளில் ஒரு லட்சத்துக்கு மேல் சொற்கள்.

குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் நடுவில் மேலகரம் என்று ஒரு ஊர். 18-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே வாழ்ந்தவர் திரிகூடராசப்பக் கவிராயர். குற்றாலக் குறவஞ்சி இவர் எழுதியது. இதற்காக மதுரை நாயக்க மன்னர் முத்துவிஜயரங்க சொக்கநாதர் கொடுத்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்று பெயர்.

குறவஞ்சியை யாரும் சொல் பாடமாகப் படிப்பதில்லை. ஆனால் அதற்குள்ளே ஒரு முழு வொக்காபுலரி வகுப்பு நடக்கிறது. சிங்கன் பறவை பிடிக்கப் போகிறான், பறவைப் பெயர்கள் வரிசையாக வந்து இறங்குகின்றன. குறத்தி தன் மலையைச் சொல்கிறாள், மரமும் விலங்கும் வருகின்றன. பிறகு சிங்கனும் சிங்கியும் பேசும் இடம். சிங்கி ஊர் ஊராகக் குறி சொல்லி நகை வாங்கிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். அந்த நகையெல்லாம் சிங்கனுக்குப் புதுசு. அவன் பாம்பு, பூச்சி என்று தனக்குத் தெரிந்த உருவத்தைச் சொல்லிக் கேட்கிறான். அவள் இந்த ஊரில் குறி சொல்லிப் பெற்ற இன்ன நகை என்று பெயரும் ஊரும் சேர்த்துப் பதில் சொல்கிறாள். கேள்வி, பதில், புதுச்சொல், அது கிடைத்த இடம். ஒரு தடவை கேட்டவனுக்கு மறக்காது. சொல்லைப் பட்டியலாகக் கொடுப்பதற்கும் கதைக்குள் வைத்துக் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதில் தெரிகிறது.

திண்ணைக்கு வெளியே நின்றவர்கள்

இதையெல்லாம் படித்துவிட்டு "ஆஹா, அந்தக் காலம் பொற்காலம்" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நிகண்டு சொன்ன திண்ணையில் யார் உட்கார்ந்திருந்தார்கள்? பெரும்பாலும் சில சாதிகளின் ஆண்பிள்ளைகள்தான். தலித் பிள்ளைகளுக்குத் திண்ணை எட்டாத உயரம். பெண்பிள்ளைகள் எழுத்துப் படிப்பது அபூர்வம். சிங்கனும் சிங்கியும் பாட்டுக்குள் இருந்தார்கள், அவர்களுடைய பிள்ளைகள் பள்ளிக்குள் இல்லை.

மாயூரத்தில் நடந்த தேர்வைப் பற்றியும் இதைச் சொல்ல வேண்டும். பிள்ளை கேட்ட கேள்வி நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் நிலைக்கு வர, மகனை ஊர் ஊராக ஆசிரியர்களிடம் அழைத்துக்கொண்டு அலைந்த ஒரு அப்பா வேண்டியிருந்தது. அந்த அப்பா இல்லாதவர்கள் வாசல் வரைக்கும் வரவே இல்லை. நெல்லைச் சீமையில் மிஷன் பள்ளிகள் வந்த பிறகுதான் வாசல் கொஞ்சம் அகலமானது.

சொல் சம்பந்தப்பட்ட எந்தத் தேர்வுக்கும் இந்தப் பிரச்சினை உண்டு. கணக்கை ஒரு வருடம் உட்கார்ந்து பயின்று பிடித்துவிடலாம். சொல் அப்படி இல்லை. அது வீட்டில் பேசுவது, தாத்தா சொன்ன கதை, கைக்கு எட்டிய புத்தகம் என்று வருடக்கணக்கில் சேருவது. சொல்லைக் கேட்கிற தேர்வு, பையனோடு சேர்த்து அவன் வீட்டையும் கேள்வி கேட்கிறது.

1857: வாசலில் வேறு மொழி

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ல் தொடங்கியது. கல்லூரிக்குள் போக வேண்டுமானால் மெட்ரிகுலேஷன் தேர்வு. அந்தத் தேர்வில் ஆங்கிலம் கட்டாயம். நிகண்டு தெரிந்தவனும் வாசலில் ஆங்கிலச் சொல்லைக் காட்டித்தான் உள்ளே போக வேண்டும் என்று ஆயிற்று. அகராதியும் மாறிக்கொண்டிருந்தது. வீரமாமுனிவர் 1732-லேயே சதுரகராதியை அகர வரிசையில் செய்துவிட்டார். அச்சுப் புத்தகமும் அகர வரிசையும் வந்தால் மனப்பாடம் எதற்கு? தேவைப்படும்போது புரட்டிக்கொள்ளலாமே! ஆனால் தேர்வு அறையில் புத்தகம் கிடையாது. அதனால் மனப்பாடம் போகவில்லை, பாட்டு மட்டும்தான் போயிற்று. ராகத்தோடு படித்த நிகண்டின் இடத்துக்கு "கீ" என்றும் "நோட்ஸ்" என்றும் சின்னப் புத்தகங்கள் வந்தன. நமது பல்கலைக்கழகங்களில் படிப்பு தேர்வுக்குக் கீழ்ப்பட்டுக் கிடக்கிறது என்று 1902-ல் கர்சன் காலத்து இந்தியப் பல்கலைக்கழக ஆணையமே குறை சொல்லும்படி ஆனது.

இந்த வாசலில் முட்டிக்கொண்டவர்களில் பெரிய பெயர்கள் உண்டு. சீனிவாச ராமானுஜன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் 1904-ல் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணிதத்தில் அவரை யாரும் தொட முடியாது. ஆனால் ஆங்கிலக் கட்டுரையில் தோற்றதால் உதவித்தொகை போயிற்று. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கேயும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. இதே கும்பகோணம் கல்லூரியில்தான் உ.வே.சா. 1880 முதல் 1903 வரை தமிழாசிரியராக இருந்தார். தமிழ்ச் சொல்லைக் காட்டி ஒருவர் ஆசிரியராக நுழைந்த அதே கட்டடத்தில், அவர் போன மறு வருடம் சேர்ந்த ஒருவர் ஆங்கிலச் சொல்லால் வெளியே வந்தார்!

பாரதியார் கதை வேறு மாதிரி. நெல்லை இந்துக் கல்லூரிப் பள்ளியில் படித்தவர், பிறகு காசிக்குப் போய் அலகாபாத் பல்கலைக்கழகத்தின் நுழைவுத்தேர்வில் தேறினார். தேர்வு அவருக்கு ஒரு தடையே அல்ல. ஆனாலும் நெல்லையில் படித்த ஆங்கிலப் படிப்பைப் பற்றித் தன் சுயசரிதைப் பாட்டில் கடுமையாகத்தான் எழுதினார். அப்பாவுக்குச் செலவு, தனக்கு நஷ்டம், நன்மை ஒன்றும் இல்லை என்கிற தொனி. லாப நஷ்டக் கணக்கே போட்டுவிட்டார்! சிறையிலிருந்து வெளிவந்து 1918 முதல் 1920 வரை அவர் வாழ்ந்த கடையம், மனைவி செல்லம்மாவின் ஊர். தென்காசியிலிருந்து ரொம்பத் தூரமில்லை.

அமெரிக்காவிலும் இதே கதை

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டுமல்ல. அமெரிக்காவில் எஸ்.ஏ.டி. என்ற கல்லூரி நுழைவுத்தேர்வு முதன்முதலில் 1926-ல் நடந்தது. 97 நிமிடத்தில் 315 கேள்வி. சொற்பொருள், எதிர்ச்சொல், ஒப்புமை எல்லாம் அதில் இருந்தன. அதை வடிவமைத்தவர் கார்ல் பிரிகாம். படிப்பைச் சோதிக்காமல் மனிதனின் அறிவுத்திறனையே இப்படி அளந்துவிடலாம் என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. 1923-ல் இதே பிரிகாம் எழுதிய புத்தகத்தில், சில தேசத்து மக்கள் புத்தி குறைந்தவர்கள் என்றுகூட முடிவு கட்டினார். 1930-ல் அவரே அந்த முடிவுகளுக்கு ஆதாரம் இல்லை என்று வாபஸ் வாங்கினார். ஆங்கிலம் பேசாத வீட்டிலிருந்து வந்தவனை ஆங்கிலச் சொல்லால் அளந்தால் மொழிப் பழக்கம்தான் தெரியும், மூளை தெரியாது.

பிறகு ஒவ்வொன்றாகக் கழன்றது. 1994-ல் எதிர்ச்சொல் கேள்விகள் போயின. 2005-ல் ஒப்புமைக் கேள்விகள் போயின. 2016-ல் கோடிட்ட இடம் நிரப்பும் பகுதியும் போயிற்று. பத்திக்குள் இருக்கும் சொல்லுக்கு அந்த இடத்தில் என்ன பொருள் என்ற கேள்வி மட்டும் நின்றது. சூடாமணியின் 11-வது தொகுதி கேட்கிற கேள்வி அதுதானே!

குற்றாலத்திலிருந்து ஒரு குரல்

தென்காசிக் குடும்பத்தில் பிறந்தவர் டி.கே.சிதம்பரநாத முதலியார். ரசிகமணி டி.கே.சி. என்றால் எல்லோருக்கும் தெரியும். 1882-ல் பிறந்தார், வக்கீலுக்குப் படித்தார், கடைசிக் காலத்தில் குற்றாலத்தில் குடியேறி 1954-ல் காலமானார். ராஜாஜி, கல்கி என்று பலரும் அவர் வீட்டுக்கு வந்து போவார்கள். சாப்பாடும் உண்டு, கம்பனும் உண்டு.

டி.கே.சி. வலியுறுத்தியது இரண்டு விஷயம். ஒன்று, கல்வி தமிழில் நடக்க வேண்டும். இரண்டு, கவியை அனுபவிக்க வேண்டும், பாட்டின் உயிர் அதன் தாளத்திலும் உணர்ச்சியிலும் இருக்கிறது. கம்பனில் தனக்குக் கம்பன் பாட்டாகப் படாதவற்றை நீக்கிவிட்டு அவர் பதிப்பு கொண்டுவந்தது பெரிய சண்டையையே கிளப்பியது. புலவர்கள் பலர் அவரை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அவர் சபையில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டவர்களுக்கு அருஞ்சொல் எல்லாம் தனியாகப் படிக்காமலே பிடிபட்டது. திண்ணையில் நிகண்டு முதலில், பாட்டு பிறகு. குற்றாலத்தில் பாட்டு முதலில், சொல் தானாகப் பின்னால் வந்தது. எது சரி? இரண்டும் சரிதான். இரண்டிலும் சொல்லும் பாட்டும் ஒன்றையொன்று விடவில்லை. சொல் தனியாகச் செத்துக் கிடந்தது கீ புத்தகத்தில்தான்.

அதே குற்றாலத்தில் 1964-ல் பராசக்தி மகளிர் கல்லூரி வந்தது. கோயில் சார்பில் நடக்கும் கல்லூரி. திண்ணையில் இடம் கிடைக்காதவர்களின் பேத்திகள் பட்டப்படிப்புக்கு வர ஆரம்பித்தார்கள். வாசல் அகலமாவது என்றால் இதுதான்.

மறுபடியும் நுழைவுத்தேர்வு

தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கு 1984-ல் பொது நுழைவுத்தேர்வு வந்தது. 2006-ல் சட்டம் போட்டு அதை எடுத்தார்கள். அதில் கணிதமும் அறிவியலும்தான், சொல் கேள்வி கிடையாது. பி.காம்., பி.ஏ. படிக்க பிளஸ் டூ மார்க் போதும். அதனால் இங்கே ரொம்ப நாளாகச் சொல்லுக்காக யாரும் தனியாகப் படிக்கத் தேவை இருக்கவில்லை. பிளஸ் டூ தமிழ்த்தாளுக்குக் கோனார் உரையில் அருஞ்சொற்பொருள் பார்த்தால் கதை முடிந்தது.

2022-ல் நிலைமை மாறியது. மத்தியப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் படிப்புக்கு கியூட் என்கிற பொது நுழைவுத்தேர்வு வந்தது. முந்தைய வருடம் டெல்லி பல்கலைக்கழகக் கல்லூரிகள் சில பாடங்களுக்கு 100 சதவீத கட்-ஆஃப் போட்டிருந்தன. மார்க்கை வைத்துச் சேர்ப்பதும் ஒரு கட்டத்தில் கேலிக்கூத்தாகிறது என்பது ஒரு வாதம். மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவர்களுக்கு இது பாதகம், கோச்சிங் சென்டர்களுக்குத்தான் லாபம் என்பது மறு வாதம். 2022 ஏப்ரல் 11 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் இதை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. இரண்டு பக்கமும் விஷயம் இருக்கிறது.

தெரிந்துகொள்ள வேண்டியது, கியூட் மொழித்தாளின் பாடத்திட்டத்தில் பத்தி படித்துப் பதில் சொல்வதோடு வொக்காபுலரியும் இருக்கிறது. அதை 13 மொழிகளில் எழுதலாம், தமிழும் அதில் ஒன்று! எந்தப் பல்கலைக்கழகம் எந்தப் படிப்புக்கு எந்த மொழியை ஏற்கிறது என்பதை மட்டும் அந்தந்த வருட அறிவிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும். 1857-ல் வாசலுக்கு வெளியே போன தமிழ்ச் சொல், ஒரு சின்ன ஜன்னல் வழியாகத் திரும்பி வந்திருக்கிறது.

மதிப்பெண் கணக்கையும் பார்த்துவிடலாம். சரியான பதிலுக்கு 5, தவறுக்கு மைனஸ் 1. நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக் குறித்தால், நான்கு கேள்விக்கு ஒன்று சரி (5), மூன்று தவறு (மைனஸ் 3). நிகர லாபம் 2, அதாவது கேள்விக்கு அரை மதிப்பெண். இரண்டு விடைகளை நிச்சயமாக நீக்க முடிந்தால் கேள்விக்குச் சராசரி 2 மதிப்பெண். ஒரு சொல்லின் முழுப்பொருள் தெரியாவிட்டாலும் அது எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று தெரிந்தாலே, அது விலங்கா, மரமா, பண்பா என்று தெரிந்தாலே, பாதிக் கிணறு தாண்டிவிடலாம். பொருள் வாரியாகப் பிரித்துப் படித்த நிகண்டுக்காரனுக்கு அது கைவந்த கலை.

சரி, எப்படித்தான் படிப்பது?

இத்தனை வரலாற்றிலிருந்து எடுத்துக்கொள்ள மூன்று விஷயம் இருக்கிறது.

முதலாவது, கூட்டமாகப் படிப்பது. அகர வரிசையில் ஆயிரம் சொல் என்று தொடங்கினால் ஒரு வாரத்தில் தூக்கம் வரும். மழை சம்பந்தப்பட்டவை, கோபம் சம்பந்தப்பட்டவை, பணம் சம்பந்தப்பட்டவை என்று சேர்த்துப் படித்தால் ஒன்று மற்றதை இழுக்கும். ஆங்கிலத்துக்கு நார்மன் லூயிஸ் 1949-ல் எழுதிய வேர்ட் பவர் மேட் ஈஸி இன்றும் விற்கக் காரணம், அவர் வேர்ச்சொல்லை வைத்துக் குடும்பம் குடும்பமாகச் சொல்லித் தருவதுதான். அதுவும் ஒரு வகை நிகண்டு.

இரண்டாவது, வாய்விட்டுச் சொல்வது. மனப்பாடம் கேவலமான விஷயமல்ல. பாட்டாகவோ கதையாகவோ இருந்தால் நிற்கும், பட்டியலாக மட்டும் இருந்தால் தேர்வு முடிந்த மறுநாள் போய்விடும். முறை வைக்க ஒரு நண்பன் இருந்தால் இன்னும் நல்லது.

மூன்றாவது, சொல்லை அது வாழும் இடத்தில் பார்ப்பது. "சாரல்" என்று ஒரு சொல். ஜூன், ஜூலையில் குற்றாலத்துக்குப் போனவருக்கு அது முகத்தில் அடிக்கும் மெல்லிய மழை. சங்கப் பாட்டைத் திறந்தால் அது மலைச்சரிவு. மலைச்சரிவில் காற்று கொண்டுவந்து தெளிக்கும் மழை என்று இரண்டையும் ஒரு முறை சேர்த்துப் பார்த்துவிட்டால், எந்தத் தேர்வில் எப்படி மாற்றிக் கேட்டாலும் தப்பாது. ஊர் என்பதும் ஒரு புத்தகம்தான். அதற்குக் கோச்சிங் ஃபீஸ் கிடையாது.

இந்தக் கடைசி விஷயத்தில்தான் சின்ன ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு நம்பிக்கை இருக்கிறது. 2019 நவம்பர் 22 முதல் தென்காசி தனி மாவட்டம். டெல்லியில் இருக்கும் கோச்சிங் சென்டர் இங்கே இல்லாமல் இருக்கலாம். ஆனால் நைடதம் எழுதிய ஊர், குறவஞ்சி பிறந்த சாரல், பொதிகை பெயரில் நிகண்டு கண்ட சீமை இது. சொல் இங்கே யாருக்கும் குறைவில்லை. அந்தச் சொல்லை எல்லாப் பிள்ளைகளிடமும் கொண்டுபோய்ச் சேர்க்கப் பள்ளியில் ஒரு நல்ல நூலகமும், பாட்டை ராகத்தோடு சொல்லித் தரும் ஒரு ஆசிரியரும் வேண்டும். அதைச் செய்யாமல் வாசலில் நின்று "எத்தனை சொல் தெரியும்?" என்று மட்டும் கேட்டால், அது தேர்வு ஆகாது, சுங்கச்சாவடிதான்.